செக் வெள்ளரி சாலட்: காய் தொய்ந்து போகிறது, வினிகர் மூக்கில் ஏறுகிறது, உதவுங்கள்

பிர்னோவாசி:
அவசரம். சனிக்கிழமை மகளின் பள்ளித் தோழிகள் சாப்பிட வருகிறார்கள். இங்கே செக் நாட்டில் பள்ளி உணவகத்தில் பொரித்த கோழி, உருளைக்கிழங்கோடு சின்னக் கிண்ணத்தில் ஒரு வெள்ளரி சாலட் கொடுப்பார்கள், ஒகுர்கோவி சலாட் என்று பெயர், புளிப்பும் இனிப்புமாக இருக்கும், மகளுக்கு அது உயிர். வீட்டில் நான் செய்தால் காய் தொய்ந்து போகிறது, வினிகர் மூக்கில் ஏறுகிறது. ஒரு வாய் வைத்துவிட்டு "இது அது இல்லை" என்று தள்ளிவிடுகிறாள். வீடியோவில் சொன்ன அளவில்தான் எல்லாம் போடுகிறேன். எங்கே பிசகுகிறது?

ஈரோட்டுக்காரன்:
எந்த வீடியோ, என்ன அளவு என்று சொன்னால்தானே சொல்ல முடியும்? வெள்ளரிக்காய் நீளமானதா குட்டையானதா? தோல் சீவினீர்களா? என்ன வினிகர்?

கல்சட்டி:
இந்தப் பக்கத்தில் இதைப் பலமுறை எழுதிவிட்டேன், யாரும் தேடிப் படிப்பதில்லை. வெள்ளரியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். நறுக்கியவுடன் உப்புப் போட்டுப் பிசறி அரை மணி நேரம் வைத்து, மெல்லிய துணியில் கட்டி முறுக்கிப் பிழிய வேண்டும். பிறகுதான் மற்றதெல்லாம். சமையலின் அரிச்சுவடி இது, தங்கச்சி. அரிச்சுவடி தெரியாமல் அயல்நாட்டுச் சமையலுக்குப் போனால் இப்படித்தான் ஆகும்.

டான்யூப்கரை:
நான் பிராத்திஸ்லாவாவில் இருக்கிறேன், பக்கத்து நாடான ஸ்லோவாக்கியா. வினிகர் மூக்கில் ஏறுகிறது என்றால் புளித்த கிரீம் சேர்க்கவில்லை என்று அர்த்தம். அந்தக் கிரீம் இரண்டு பெரிய கரண்டி, நசுக்கிய ஒரு பல் பூண்டு, மேலே கொஞ்சம் சிவப்பு மிளகாய்த் தூள், அதுவும் காரமில்லாத இனிப்புத் தூள். முடிந்தது வேலை.

பிர்னோவாசி:
கல்சட்டி அண்ணா, உப்புப் போட்டுப் பிழிந்தும் பார்த்தேன், அப்போது இன்னும் மோசம், நார் மாதிரி ஆகிவிட்டது. பள்ளியில் கிரீம் கிடையாது, வெறும் தண்ணீர்தான், பிள்ளைகள் கடைசியில் அந்தத் தண்ணீரைக் கிண்ணத்தோடு குடிப்பார்களாம். வினிகர் சாதாரண வெள்ளை வினிகர். வெள்ளரிக்காய் கடையில் கிடைக்கிற சாதாரண வெள்ளரிக்காய்.

ஈரோட்டுக்காரன்:
நீங்கள் சாதாரணம் என்று சொல்வது இரண்டுமே ஊருக்கு ஊர் வேறு. பாட்டிலின் பின்பக்கம் ஒரு விழுக்காடு அச்சடித்திருக்கும், அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

நாகர்கோவில் செல்வி:
இரண்டு முனையையும் நறுக்கி, நறுக்கிய துண்டாலேயே வட்டமாகத் தேய்த்து வெள்ளை நுரையை எடுத்தீர்களா? எங்கள் வீட்டில் அதைச் செய்யாமல் வெள்ளரியைத் தொடவே விடமாட்டார்கள். நுரையை எடுக்காவிட்டால் கசப்பு உள்ளே இறங்கிவிடும். பிள்ளைகள் கசப்பைத்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள்.

மொராவியா மருமகள்:
கணவர் ஊர் செக் நாட்டின் கிழக்கே, மொராவியாவில் ஒலொமொவுட்ஸ் பக்கம், நானும் இங்கேதான் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். முதலில், பிழியாதீர்கள். பிழிகிற பழக்கம் ஹங்கேரிப் பக்கம் உண்டு, ஜெர்மன் வீடுகளிலும் உண்டு, அது வேறு சாலட். பள்ளி உணவகத்திலும் பெரும்பாலான வீடுகளிலும் செய்கிற இந்த வகையில் தண்ணீர்தான் உயிர், காய் அதில் மிதக்க வேண்டும். டான்யூப்கரை சொல்கிற கிரீம் வகையும் இங்கே சில வீடுகளில் உண்டு, சதகுப்பைக் கீரையை நறுக்கிப் போட்டுச் செய்வார்கள், நன்றாகவே இருக்கும், ஆனால் உங்கள் மகள் கேட்பது அது இல்லை.

மாமியார் செய்வதைச் சொல்கிறேன். நீண்ட வெள்ளரிக்காய் ஒன்று, பிளாஸ்டிக் உறை போட்டு விற்கிறார்களே அது, தோலைச் சீவிவிடுவார். துருவியின் ஒரு பக்கத்தில் சீவுகிற நீளப் பிளவு இருக்கும், அதில் கிண்ணத்துக்கு மேலேயே பிடித்து இழுப்பார், கண்ணாடி மாதிரி மெல்லிய வில்லைகள் விழும். சில வீடுகளில் பெரிய துளையில் துருவியே போட்டுவிடுவார்கள், பள்ளிகளிலும் அப்படிப் பார்த்திருக்கிறேன். இன்னொரு பாத்திரத்தில் கால் லிட்டர் குளிர்ந்த தண்ணீர், இரண்டு பெரிய கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, மூன்று பெரிய கரண்டி வினிகர். கலக்கிவிட்டு வெள்ளரியைச் சேர்க்கும் முன் அந்தத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்ப்பார். எலுமிச்சைச் சாறு குடிப்பது போல இதமாக இருந்தால் சரி. முகம் சுளித்தால் இன்னும் தண்ணீர். அதற்குப் பிறகுதான் காய் உள்ளே போகும். மேலே மிளகுத் தூள், குளிர்பதனப் பெட்டியில் அரை மணி நேரம், அவ்வளவுதான்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் வினிகர் அளவில் எனக்குச் சந்தேகம். எத்தனை கரண்டி போட்டீர்கள்?

பிர்னோவாசி:
கரண்டி இல்லை அக்கா. அரை கப் வினிகர், அரை கப் தண்ணீர். வீடியோவில் அப்படித்தான் சொன்னார்கள்.

ஈரோட்டுக்காரன்:
வந்துவிட்டது விஷயம். அது அமெரிக்க வீடியோவா? அங்கே கடை வினிகர் பெரும்பாலும் 5 விழுக்காடு. செக் நாட்டில் லிட்டர் பாட்டிலில் வரும் வெள்ளை வினிகர் 8 விழுக்காடு. நம் ஊர்க் கடை வெள்ளை வினிகர் 4 அளவில்தான் இருக்கும், அந்தக் கை அளவு நமக்குப் பழகிவிட்டது. பாதிக்குப் பாதி கலந்தால் உங்கள் கிண்ணத்தில் 4 விழுக்காடு அமிலம் நிற்கிறது, நம் ஊர் வினிகரைத் தண்ணீரே சேர்க்காமல் ஊற்றியதற்குச் சமம். மருமகள் அக்கா சொன்ன அளவில் கணக்குப் போட்டேன், ஒன்றேகால் விழுக்காடுகூட வராது. அதனால்தான் அதைக் குடிக்க முடிகிறது, இதைக் குடிக்க முடியவில்லை.

கல்சட்டி:
வினிகர் கணக்கு சரிதான், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பிழியாத வெள்ளரி தண்ணீர் விட்டு எல்லாவற்றையும் நீர்க்க வைக்கும், அது இயற்கை. எந்த நாட்டு வெள்ளரியாக இருந்தாலும் உப்பும் சர்க்கரையும் பட்டால் நீர் விடும். அதை யாரும் மறுக்க முடியாது.

மொராவியா மருமகள்:
யார் மறுத்தார்கள்? அந்த நீர் கிண்ணத்திலேயே இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். வெள்ளரி வாசனை முழுக்க அதில்தான் இறங்குகிறது. பிழிந்து கொட்டிவிட்டால் சர்க்கரைத் தண்ணீரும் சக்கையும்தான் மிஞ்சும். அதனால்தான் புளிப்பைக் கொஞ்சம் தூக்கலாக வைத்துத் தொடங்கலாம், அரை மணி நேரத்தில் காய் விடும் நீர் அதைச் சமன் செய்துவிடும்.

வயல்காட்டான்:
செல்வி அக்கா சொன்ன நுரை விஷயத்துக்கு வருகிறேன், வேளாண்மை படித்தவன், சும்மா இருக்க முடியவில்லை. வெள்ளரியின் கசப்புக்குக் காரணம் குக்கர்பிட்டாசின் என்ற பொருள். அது காம்புப் பக்கமும் தோலுக்கு அடியிலும்தான் அதிகம் சேரும். செடி வெயிலிலும் தண்ணீர்த் தட்டுப்பாட்டிலும் வாடினால் கூடும். தேய்த்தால் வரும் நுரை, நறுக்கிய இடத்தில் கசியும் செடிச்சாறு. காயின் உள்ளே இருக்கும் கசப்பை அந்தத் தேய்ப்பு வெளியே இழுக்காது. காம்புப் பக்கம் ஒரு விரற்கடை நறுக்கி எறிகிறீர்களே, அதனால்தான் கசப்பு குறைகிறது, தேய்ப்பதால் இல்லை.

நாகர்கோவில் செல்வி:
தம்பி, தேய்த்த காயையும் தேய்க்காத காயையும் நான் தின்று பார்த்தவள். வித்தியாசம் தெரியும். படிப்பு வேறு, நாக்கு வேறு.

வயல்காட்டான்:
அக்கா, இரண்டு வேறு வேறு காயைத் தின்றால் வித்தியாசம் எப்போதும் தெரியும், ஒரே கொடியில்கூட ஒரு காய் கசக்கும் இன்னொன்று கசக்காது. ஒரே காயை நடுவில் வெட்டி, காம்பு இல்லாத பக்கத்தை மட்டும் இரண்டாக்கி, ஒன்றைத் தேய்த்து ஒன்றைத் தேய்க்காமல் தின்று பாருங்கள். பசுமைக்குடிலில் வளர்க்கும் நீள வெள்ளரியில் கசப்பு ஏறாத ரகங்களாகவே தேர்ந்தெடுத்துவிட்டார்கள், அதில் இந்தப் பேச்சுக்கே இடம் இல்லை.

மொராவியா மருமகள்:
இங்கேயும் இதே சண்டை உண்டு. பூ இருந்த முனையிலிருந்து காம்பை நோக்கித்தான் தோல் சீவ வேண்டும், இல்லையென்றால் பீலர் கசப்பைக் காய் முழுக்க இழுத்துக்கொண்டு போகும் என்று மாமியார் அடித்துச் சொல்வார். கடைக் காயில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் கோடையில் அவர் தோட்டத்துக் காயில் காம்பு ஓரத்தை ஒரு துண்டு நறுக்கித் தின்று பார்க்காமல் நான் கிண்ணத்தில் போடுவதில்லை. ஒரு கசப்புக் காய் போதும், கிண்ணம் முழுக்கக் கெட்டுவிடும், ஏனென்றால் இதில் தண்ணீரையும் குடிக்கிறோம்.

நாகர்கோவில் செல்வி:
பார்த்தீர்களா, அவர்கள் ஊர் மாமியாரும் ஒரு முறை வைத்திருக்கிறார். காரணம் இல்லாமலா இரண்டு தேசத்துப் பெண்கள் முனையைப் பற்றியே கவலைப்பட்டார்கள்?

வயல்காட்டான்:
கசப்பு முனையில் இருக்கிறது என்பதை இரண்டு தேசமும் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறது அக்கா. நறுக்கி எறிவதோடு நிறுத்தினால் நானும் உங்கள் கட்சி.

டான்யூப்கரை:
கேள்வி கேட்டவர் கசப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, தொய்வு என்றுதான் சொன்னார். அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. குட்டையாக, முள் முள்ளாக இருக்கும் ஊறுகாய் வெள்ளரியை வாங்கிவிட்டாரோ? ஜூலை, ஆகஸ்டில் கடை முழுக்க அதுதான் குவிந்து கிடக்கும்.

மொராவியா மருமகள்:
அது இன்னும் மொறுமொறுப்பாகத்தான் இருக்கும், தொய்யாது. தென் மொராவியாவில் ஸ்னொய்மோ என்ற ஊருக்கே அந்த ஊறுகாயால்தான் பேர். 16ஆம் நூற்றாண்டில் அங்கே இருந்த மடத்தின் தலைவர் ஹங்கேரியிலிருந்து வெள்ளரியைக் கொண்டுவந்தார் என்று ஊரில் சொல்வார்கள். அது கிடைத்தால் சாலட்டுக்கும் போடலாம், ஆனால் விதை முற்றியிருந்தால் நடுவைக் கரண்டியால் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

பிர்னோவாசி, சர்க்கரையை எப்படிக் கரைக்கிறீர்கள்? தண்ணீர் குளிர்ந்ததுதானே?

பிர்னோவாசி:
இல்லை, சர்க்கரை கரையவே மாட்டேன் என்கிறது, அடியில் மணல் மாதிரி நிற்கிறது, அதனால் எல்லாவற்றையும் ஒரு கொதி விட்டு அப்படியே காய் மேல் ஊற்றுகிறேன். ஊறுகாய்க்கு அப்படித்தானே செய்வார்கள்?

ஈரோட்டுக்காரன்:
இதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் இழை இங்கேயே முடிந்திருக்கும்!

மொராவியா மருமகள்:
அதுதான் தொய்வுக்குக் காரணம். ஊறுகாய்க்கு முழுக் காய், தடித்த தோல், கொதிநீர் தாங்கும். நீங்கள் போடுவது தோல் சீவிய மெல்லிய வில்லை. கொதிக்கிற நீர் பட்ட நிமிஷமே வெந்துவிடும், ஓரம் கண்ணாடி போலத் தெளிந்து, நடுவிலிருக்கும் விதைச் சதை கழன்று வந்துவிடும், உங்கள் கிண்ணத்தில் வட்டத்துக்கு நடுவே ஓட்டை விழுந்திருக்குமே? கொதிக்க வைப்பதென்றால் சர்க்கரை கரையும் அளவு ஒரு கை வெந்நீரில் மட்டும் கரைத்து, மீதியைப் பச்சைத் தண்ணீராக ஊற்றி நன்றாக ஆறவிடுங்கள். அல்லது இங்கே கடையில் கிருபிட்ஸே என்று எழுதிய நைசான சர்க்கரை கிடைக்கும், குளிர்ந்த நீரிலேயே ஒரு நிமிஷம் கலக்கினால் கரைந்துவிடும். சனிக்கிழமைக்கு அதையே வாங்குங்கள்.

கல்சட்டி:
கொதிநீர் என்று சொல்லாமல் கேள்வி கேட்டால் யார்தான் பதில் சொல்ல முடியும். இருந்தாலும் உப்பு போட்டுப் பிழிந்து ஒருமுறை குளிர்ந்த நீரில் செய்து பாருங்கள். என் வீட்டில் அதற்குத்தான் வரவேற்பு.

டான்யூப்கரை:
கல்சட்டி ஐயா, உங்கள் வீட்டில் கோழியோடு பரிமாறுகிறீர்களா, சப்பாத்தியோடா? பொரித்த கோழியின் எண்ணெய்ப் பிசுக்கை அந்தத் தண்ணீர்தான் கழுவிக்கொண்டு போகிறது. பிழிந்த சாலட்டை வைத்தால் தட்டு முழுக்கக் காய்ந்து கிடக்கும். கிரீம் ஆளான நானே இதைச் சொல்கிறேன்.

கல்சட்டி:
சப்பாத்திக்கும் அதே விதிதான். நான் சொன்னதில் மாற்றமில்லை.

பிர்னோவாசி:
பாட்டிலைப் பார்த்தேன், 8 தான். குளிர்ந்த தண்ணீர், மூன்று கரண்டி வினிகர், நைசான சர்க்கரை. தோழிகள் இரண்டாம் கிண்ணம் கேட்டார்கள். மருமகள் அக்காவுக்கும் ஈரோட்டுத் தம்பிக்கும் நன்றி.

நாகர்கோவில் செல்வி:
முனையைத் தேய்த்தீர்களா?

தாம்பரத்தான்:
மிச்சம் இருந்தால் மறுநாளைக்கு வைக்கலாமா? பிர்னோவாசி, இருக்கிறீர்களா?

மொராவியா மருமகள்:
அவர் இனி வரமாட்டார் போலிருக்கிறது, நானே சொல்கிறேன். இரவு வரைக்கும் பரவாயில்லை. மறுநாள் காலை காய் துவண்டு, தண்ணீரில் புளிப்பு இல்லாமல் சப்பென்று ஆகிவிடும். சாப்பிடுகிற அளவு மட்டும் காயைச் சீவிப் போடுங்கள். புளிப்புத் தண்ணீரை வேண்டுமானால் முந்தின நாளே மொத்தமாகக் கலந்து பாட்டிலில் குளிர வைத்துக்கொள்ளலாம், அது கெடாது.