மூணாறு குளிர்ல காலைல ஸ்டார்ட் பண்ணா கெட்டியா வெள்ளப் புகை, ஹெட் இறக்கியே ஆகணுமா?

எஸ்டேட் வண்டி:

எல்லாருக்கும் வணக்கம். குண்டளைக்கு மேல எஸ்டேட்ல இருக்கோம். வண்டி 2012 மாடல் டீசல் கார், நாலு சிலிண்டர், செகண்ட்ஸ்ல எடுத்தது. மார்கழி பொறந்ததுல இருந்து காலைல ஒரே ரோதனையா இருக்கு. செல்ஃப் நல்லா சுத்துது ஆனா சட்டுனு புடிக்க மாட்டேங்குது, ரெண்டு மூணு தடவ அடிச்சப்புறம் தடதடனு ஆடிக்கிட்டே ஸ்டார்ட் ஆகுது, ஆனதும் சைலன்சர்ல இருந்து வெள்ளப் புகை வருது பாருங்க, லயத்துல பக்கத்து வீட்டுக்காரங்க கதவச் சாத்திக்கிறாங்க, கண்ணெல்லாம் எரியுது. கொஞ்ச நேரம் ஓடவிட்டா ஆட்டமும் நின்னுடுது புகையும் நின்னுடுது, அப்புறம் அன்னைக்குப் பூரா எத்தன தடவ ஆஃப் பண்ணிப் போட்டாலும் ஒண்ணுமே இல்ல.

டவுன்ல ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டுனேன். ஆயில் மூடியக் கழட்டிப் பாத்தாரு, அடில வெளுப்பா கொழகொழனு ஒட்டியிருந்துச்சு. கூலன்ட் டேங்க்லயும் லெவல் கொஞ்சம் எறங்கியிருந்துச்சு. ஹெட் கேஸ்கட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதுக்கு மேல உக்கார்ற ஹெட்டுக்கும் நடுவுல இருக்கிற சீல்) போச்சு, ஹெட்ட இறக்கி ஃபேசிங் பண்ணணும், அதாவது அடிப்பக்கத்த மட்டமாத் தேய்க்கணும்னு சொல்லிட்டாரு. அவரு சொன்ன தொகைக்கு இப்ப வழியில்ல, பொங்கல் வேற வருது, அம்மாவ செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போறதும் இந்த வண்டிலதான். ஹெட்டுல கை வைக்கிறதுக்கு முன்னாடி வேற எதையாவது பாக்கணுமா, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சின்னாறு ரைடர்:

கூலன்ட் எறங்குது, மூடில வெள்ள, புகையும் வெள்ள. மூணும் ஒண்ணா வந்தா ஹெட் கேஸ்கட்தான் ப்ரோ, தள்ளிப் போடாதீங்க. ராத்திரில சிலிண்டருக்குள்ள தண்ணி எறங்கி நின்னுச்சுன்னா செல்ஃப் அடிக்கும்போது கனெக்டிங் ராடு வளைஞ்சுடும், அப்புறம் செலவு எங்கயோ போயிடும்.

போடிமெட்டு மெக்கானிக்:

தம்பி, எதையும் இறக்க வேணாம், பொறுங்க. மொதல்ல நாலு கேள்விக்கு பதில் சொல்லுங்க. புகை என்ன வாடை அடிக்குது, பச்ச டீசல் நெடியா, இல்ல கூலன்ட் மாதிரி தித்திப்பா ஒரு வாடையா? ஆயில் குச்சிய உருவிப் பாத்தீங்களா, குச்சில இருக்கிற ஆயிலும் வெளுத்திருக்கா, இல்ல மூடில மட்டும்தானா? போடில இருந்து மேல ஏறும்போது 17 ஹேர்பின்னும் ஏறி முடிக்கிறதுக்குள்ள டெம்பரேச்சர் முள்ளு ஏறுதா? கீழ தேனி, கம்பம் பக்கம் எங்கயாவது ராத்திரி நிறுத்திட்டு காலைல எடுத்திருக்கீங்களா, அப்ப எப்படி இருந்துச்சு?

எஸ்டேட் வண்டி:

நன்றிண்ணே. வாடை டீசல் நெடிதான், தித்திப்பெல்லாம் இல்ல. குச்சில ஆயில் கருப்பாத்தான் இருக்கு. முள்ளு எப்பவும் பாதிக்குக் கீழதான் நிக்கும், ஏசி போட்டு ஏறுனாலும் அப்படித்தான். நீங்க கேட்டதும்தான் ஞாபகம் வருது, போன வாரம் தேனில மச்சான் வீட்ல தங்குனோம், காலைல ஒரே செல்ஃப்ல எடுத்துச்சு, புகையே இல்ல!

போடிமெட்டு மெக்கானிக்:

அப்ப விசயம் பாதி முடிஞ்சுது. கேஸ்கட் வழியா சிலிண்டருக்குள்ள தண்ணி கசியுதுன்னா அது தேனிக்கும் குண்டளைக்கும் வித்தியாசம் பாக்காது, ராத்திரி நின்ன வண்டி ரெண்டு ஊர்லயும் காலைல புகைக்கணும். குளிர்ல மட்டும் புகைக்குது, டீசல் நெடி அடிக்குது, சூடானதும் சரியாகுதுன்னா உள்ள போற டீசல் முழுசா எரியாம வெளிய வருதுன்னு அர்த்தம். கண்ணு எரியிறதும் அதனாலதான்.

டீசல் எஞ்சின்ல ஸ்பார்க் பிளக் கிடையாது. காத்த 16, 17 மடங்கு அமுக்குறப்ப வர்ற சூட்டுலதான் டீசல் பத்துது. பிளாக்கு ஐஸா குளிர்ந்து கிடக்கும்போது அந்தச் சூட்ட இரும்பே உறிஞ்சிடும், அதுக்காகத்தான் சிலிண்டருக்கு ஒண்ணா ஹீட்டர் பிளக் வச்சிருக்கான். அதுல ஒண்ணு ரெண்டு செத்துப்போச்சுன்னா அந்த சிலிண்டர் மட்டும் எரியாம டீசலப் புகையா தள்ளும், மத்தது எரியும், அதான் உங்களுக்கு ஆட்டம் காட்டுது. கீழ நாட்டுல ஹீட்டர் இல்லாமலே பல வண்டி ஸ்டார்ட் ஆகிடும், அதனால வருசக்கணக்கா செத்துக் கிடந்தாலும் அங்க ஒருத்தருக்கும் தெரியாது. நம்ம ஊர்ல தை மாசம் புல்லு மேல உறைபனி நிக்கிறப்பதான் குட்டு வெளிப்படும். செகண்ட்ஸ் வண்டின்னு வேற சொல்றீங்க.

டேஷ்போர்டுல ஹீட்டர் பிளக்குக்கான சுருள் லைட்டு எரிஞ்சு அணையுதேனு நம்பிடாதீங்க, அந்த லைட் எரியுதுங்கிறதுக்காக பிளக் சூடாகுதுன்னு அர்த்தமில்ல. பாக்குறது சுலபம். சாவிய ஆஃப் பண்ணிட்டு பிளக் தலையில இருக்கிற ஒயர எல்லாத்துலயும் கழட்டிடுங்க. ஒரு 12 வோல்ட் பல்பு எடுத்து ஒரு ஒயர பேட்டரி ப்ளஸ்ல கிளிப் போட்டு இன்னொரு ஒயர ஒவ்வொரு பிளக் தலையிலயும் தொடுங்க. பல்பு எரிஞ்சா உள்ள சுருள் அறுகல. எரியலன்னா அந்த பிளக் காலி. மீட்டர் இருந்தா பிளக் தலைக்கும் எஞ்சின் பாடிக்கும் நடுவுல ஓம் பாருங்க, நல்ல பிளக்னா பொதுவா 2 ஓமுக்குக் கீழ காட்டும். நாலும் நல்லா இருக்குன்னா ஒயர மாட்டிட்டு, குளிர்ந்த எஞ்சின்ல சாவி ஆன் பண்ணதும் அந்த ஒயர்ல கரன்ட் வருதான்னு பாக்கணும், வரலன்னா பிளக்குக்குக் கரன்ட் விடுற ரிலே போயிருக்கும், இல்லன்னா ஃபியூஸ் போயிருக்கும்.

அதுலயும் புடிபடலன்னா அடுத்து டீசல் ஃபில்டர்ல தண்ணி நிக்குதா, டீசலத் தெளிக்கிற இன்ஜெக்டர் சொட்டுதா, சிலிண்டர் காத்த அமுக்குற கம்ப்ரஷன் எவ்வளவுன்னு வரிசையாப் போகணும். ஹெட்ட இறக்குறது எல்லாத்துக்கும் கடைசி.

ஆயில் மூடி விசயம்: எஸ்டேட்ல இருந்து டவுனு, டவுன்ல இருந்து எஸ்டேட்டுன்னு குட்டி ஓட்டமே ஓட்டுறீங்க, ஆயில் முழுசா சூடாகுறதில்ல, உள்ள இருக்கிற நீராவி குளிர்ந்த மூடில போய் பட்டு ஆயிலோட கலந்து வெளுத்துடுது. இங்க பாதி வண்டில அப்படித்தான் இருக்கும். குச்சில வர்ற ஆயிலே பால் காப்பி கலர்ல இருந்தாத்தான் பயப்படணும்.

சின்னாறு ரைடர்:

அண்ணே சொல்றது சரிதான், தேனி விசயம் எனக்குத் தெரியாது. ஆனா கூலன்ட் எறங்குதே, அது எங்க போகுது? அத விட்டுடக்கூடாது.

போடிமெட்டு மெக்கானிக்:

நல்ல கேள்வி, விடக்கூடாதுதான். காலைல குளிர்ந்த எஞ்சின்ல கூலன்ட் சுருங்கி லெவல் கீழதான் காட்டும், மத்தியானம் சூட்டுல பாத்த கோட்டோட அத ஒப்பிடாதீங்க. எப்பவும் காலைல ஒரே எடத்துல நிறுத்தி மார்க் பண்ணிப் பாருங்க. நெசமாவே எறங்குதுன்னா ஹோஸ் கிளாம்ப் ஒவ்வொண்ணா டார்ச் அடிச்சுப் பாருங்க, குளிர்ல ரப்பர் சுருங்கி லேசாக் கசியும், எஞ்சின் சூடானதும் நின்னுடும், காய்ஞ்ச கறை மட்டும் இருக்கும். வெளிய எங்கயும் கறை இல்ல, ஆனாலும் எறங்கிட்டே இருக்குன்னா, குளிர்ந்த எஞ்சின்ல கூலன்ட் மூடியத் தொறந்து வச்சு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. குமிழி விடாம வந்துட்டே இருந்தாலோ, மூடி போட்டு ஸ்டார்ட் பண்ண ஒரு நிமிஷத்துலயே மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகுனாலோ கேஸ்கட்ட சந்தேகப்படலாம். நீலத் தண்ணி வச்சு ஒரு டெஸ்ட் இருக்கு, கூலன்ட் டேங்க் வாயில வச்சுப் பாத்தா எரிஞ்ச கேஸ் கலந்திருந்தா நிறம் மாறும். அதுவும் ஹெட்டத் தொடாமலே பண்றதுதான். சூடான எஞ்சின்ல மட்டும் கூலன்ட் மூடியத் தொறந்துடாதீங்க, மூஞ்சில அடிக்கும்.

இன்னொண்ணு, செலவு மிச்சம்னு பச்சத் தண்ணி ஊத்தி வச்சிருக்காங்க பல பேரு. நம்ம ஊர் குளிருக்கு அது வேணாம், கூலன்டும் தண்ணியும் பாதிக்குப் பாதி ஊத்துங்க.

பூப்பாறை பெட்ரோல்:

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். என்னுது பெட்ரோல் வண்டி. காலைல எடுத்ததும் ஒரு வீச்சு நீலமா வந்து நின்னுடுது. கேப் ரோட்டுல செகண்ட் கியர்ல எறங்கிட்டு கீழ வந்து ஆக்ஸிலரேட்டர மிதிச்சா அப்பவும் ஒரு வீச்சு நீலம். இதுவும் குளிர்தானா?

போடிமெட்டு மெக்கானிக்:

இல்லீங்க, நீலம்னா ஆயில். நீங்க சொல்றது வால்வு சீல் தேய்ஞ்சதோட அடையாளம். ராத்திரி நிக்கும்போது வால்வு தண்டு வழியா ஆயில் சொட்டி எறங்கும், காலைல அது எரியும். எறக்கத்துல கால எடுத்துட்டா த்ராட்டில் மூடிக்கும், உள்ள வாக்குவம் கூடி அதே வழியா ஆயில இழுக்கும், மறுபடி மிதிக்கும்போது புகையா வரும். ஏறும்போது பூரா நீலமா வந்தாத்தான் பிஸ்டன் ரிங் பக்கம் யோசிக்கணும். ஆயில் லெவல வாராவாரம் பாத்துட்டே ஓட்டுங்க, வேகமாக் கொறைய ஆரம்பிச்சா சீல் மாத்திடலாம், பல எஞ்சின்ல ஹெட்ட இறக்காமலே மாத்த முடியும்.

சைலன்சர்ல மெல்லிசா வெள்ளையா வந்து அஞ்சாறு அடிலயே கரைஞ்சு போறது, சொட்டுச் சொட்டா தண்ணி விழுறது, இதெல்லாம் பெட்ரோல் வண்டிக்குக் குளிர்ல சகஜம். எரியிறப்ப உண்டாகுற நீராவிதான் அது.

ஒண்ணு மட்டும் ரெண்டு பேருக்கும் சொல்றேன், குளிருதுன்னு ஷெட்டு கதவ மூடிக்கிட்டு உள்ளயே ஓடவிட்டு சூடு பண்ணாதீங்க. புகை கண்ணுக்குத் தெரியலன்னாலும் கார்பன் மோனாக்சைடு இருக்கும், ஆளக் கொல்லும்.

எஸ்டேட் வண்டி:

அண்ணே, பாத்தாச்சு. பல்பு வச்சுத் தொட்டதுல ஒண்ணாவதுலயும் நாலாவதுலயும் எரியவே இல்ல. மத்த ரெண்டுலயும் பளிச்சுனு எரியுது. கூலன்டும் கண்டுபுடிச்சுட்டேன், தெர்மோஸ்டாட் பக்கம் ஹோஸ் கிளாம்ப்புக்குக் கீழ பச்சையா உப்பு பூத்தாப்ல கறை. கிளாம்ப்ப இறுக்கிட்டேன். பிளக்க நானே கழட்டலாமா?

போடிமெட்டு மெக்கானிக்:

ரொம்ப சந்தோசம் தம்பி. பிளக் கழட்டுறது மட்டும் கை பழகுனவங்ககிட்ட விடுங்க. குளிர்ந்த எஞ்சின்ல பலமாத் திருகுனா உள்ளயே முறிஞ்சுடும், அப்புறம் எந்த ஹெட்ட இறக்க வேணாம்னு சொன்னோமோ அத இறக்க வேண்டியதாயிடும். மொத நாள் ராத்திரியே துரு விடுற ஆயில ஸ்ப்ரே பண்ணி ஊறவிட்டு, எஞ்சின் நல்லா சூடா இருக்கும்போது மெதுவா முன்னும் பின்னும் அசைச்சு எடுக்கச் சொல்லுங்க. நாலும் ஒரே வயசுதான், அதனால நாலையும் சேத்தே மாத்திடுங்க. உங்க எஞ்சின் நம்பர் சொல்லி அதே வோல்டேஜ், அதே நீளம் உள்ளதா கேட்டு வாங்குங்க, பழசு ஒண்ண கைல கொண்டு போனா இன்னும் நல்லது. கிளாம்ப் இறுக்குனதுக்கப்புறம் ஒரு வாரம் காலைல டேங்க் லெவல மார்க் பண்ணிட்டு வாங்க, எறங்குச்சுன்னா இங்க எழுதுங்க.