மறுமொழி: "ரெய்ஸ்டு கிராசிங்" – மேடைக்கடவை என்று முடிக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

ரெய்ஸ்டு கிராசிங்குக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழை நீண்டுகொண்டே போகிறது. இடையில் சேர்ந்தவர்கள் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று கேட்கிறார்கள், அதனால் முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன்.

சாலையின் இருபுறமும் நடைபாதை இருக்கிறது. ஆட்கள் கடக்கும் இடத்தில் சாலையின் தளத்தையே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தி, மேற்பரப்பைத் தட்டையாக விட்டு, வண்டிகள் வரும் பக்கங்களில் சரிவு கொடுத்துவிடுகிறார்கள். நடப்பவர் இறங்காமல் ஏறாமல் நேராகப் போகலாம், வண்டிதான் ஏறி இறங்க வேண்டும். ஆங்கிலத்தில் இதற்கு ரெய்ஸ்டு கிராசிங் என்று பெயர். வேலை நடக்கும் இடத்தில் கேட்டால் டேபிள் டாப் என்பார்கள். சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று தனிக் கொள்கை வகுத்தது. 2019இல் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. நடப்பவர்களை முன்வைத்துத் தெருக்களைத் திருத்தும் பேச்சு அதற்கப்புறம் நன்றாகவே பரவியிருக்கிறது. வேலை தமிழ்நாட்டில் நடக்கிறது, சொல் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

> "உயர்த்தப்பட்ட பாதசாரிக் கடவை" என்றே வைக்கலாமே. பொருளில் குறை ஒன்றும் இல்லையே?

பொருளில் குறை இல்லை, ஐயா. ஆனால் இது விளக்கமாகத்தான் இருக்கிறது, பெயராக நிற்காது. மேற்பார்வையாளர் மேஸ்திரியிடம் நாள் முழுக்கச் சொல்ல வேண்டிய சொல் இது. "அந்த உயர்த்தப்பட்ட பாதசாரிக் கடவைக்குப் பக்கத்தில் ஜல்லி கொட்டுங்கள்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள், டேபிள் டாப் என்றுதான் வாயில் வரும். ஸ்பீட் பிரேக்கருக்கு "வேகத்தடை" வந்ததைப் பாருங்கள். சின்னச் சொல், கேட்டதும் புரிகிறது. பலகையிலும் இருக்கிறது, செய்தித்தாளிலும் இருக்கிறது, ஆட்டோ ஓட்டுபவர் வாயிலும் வருகிறது. நமக்கு அப்படி ஒன்று வேண்டும்.

> அப்படியென்றால் "அகல வேகத்தடை" போதும். மக்களுக்குத் தெரிந்த சொல்லோடு ஒட்டி வரும்.

இதை மட்டும் நான் கடுமையாக எதிர்க்கிறேன். வேகத்தடை என்பது ஓட்டுபவர் வைக்கும் பெயர். அவருக்கு அது தடை. அதே இடம் நடப்பவருக்கு வழி. பெயரில் தடை என்று எழுதிவிட்டால், "வேகத்தடையை அகற்றுங்கள், முதுகு வலிக்கிறது" என்று மனு வரும்போது, அகற்றப்படுவது ஒரு கிழவியின் பாதை என்பது யாருக்கும் உறைக்காது.

வடிவமும் வேறு. சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் 1988ஆம் ஆண்டு வழிகாட்டியில் வேகத்தடை முதுகு வளைந்தது, 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். நாம் பேசும் கடவையோ நடைபாதையின் மட்டத்தைத் தொட வேண்டும். நடைபாதையின் விளிம்புக்கல் 15 சென்டிமீட்டர் வரை இருக்கும். ஒப்பந்த ஆவணத்தில் "வேகத்தடை" என்று எழுதினால் ஒப்பந்ததாரர் 10 சென்டிமீட்டருக்குத்தான் போடுவார், அவர் மேல் பிழை சொல்ல முடியாது. மீதி 5 சென்டிமீட்டர் படியாக நிற்கும். அந்த 5 சென்டிமீட்டரில் சக்கர நாற்காலி நின்றுவிடும்.

வேகம் குறைவதும் இதன் பயன்தான், மறுக்கவில்லை. 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியின் மோதல் ஆற்றல் 30 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பதைப்போல ஏறக்குறைய 2.8 மடங்கு. மக்களும் வண்டிகளும் கலந்து புழங்கும் இடங்களில் 30க்கு மேல் கூடாது என்று 2020இல் சாலைப் பாதுகாப்புக்கான ஸ்டாக்ஹோம் பிரகடனம் கேட்டதும் இதனால்தான். ஆனாலும் முதல் வேலை, ஆளைக் கடக்க விடுவது. பெயர் அதைச் சொல்லட்டும்.

> எங்கள் பக்கம் பள்ளிப் பிள்ளைக்கும் "கடவை" தெரியும். பாதசாரிக் கடவை, மஞ்சள் கடவை, புகையிரதக் கடவை என்றுதான் சொல்லுவம். பிறகு ஏன் கடப்பு, கடக்குமிடம், குறுக்குப்பாதை என்று தேடுறீங்கள்?

யாழ்ப்பாணத்து நண்பர் சொல்வது முழுக்கச் சரி. இலங்கையில் நல்ல சொல் புழக்கத்தில் இருக்கும்போது இங்கே இன்னொன்று செய்ய வேண்டியதில்லை. கடவைக்கு அகராதியிலேயே வழி என்றும், வேலியில் ஆள் நுழையும் சிறு வழி என்றும் பொருள் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பலகைகளில் "பாதசாரிகள் கடக்கும் இடம்" என்று நீட்டி எழுதுவதை விட்டுவிட்டு, இங்கேயும் கடவை என்றே எழுதத் தொடங்கலாம்.

சரி, முன்னால் என்ன சேர்ப்பது? மேட்டுக்கடவை, மேடைக்கடவை என்று இரண்டு வந்தன. நான் மேடை பக்கம். மேடு என்றால் மண்மேடும் அடங்கும், உச்சி உருண்டும் இருக்கலாம். மேடை என்றால் கட்டியது, மேலே தட்டையானது, ஆள் நிற்கக்கூடியது. நமக்கு வேண்டிய மூன்றும் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன. "சமதளக் கடவை" என்று ஒருவர் எழுதியிருந்தார், அது ரயில்வே லெவல் கிராசிங்கோடு மோதும். நடைமேடை என்பது ரயில் நிலையத்துக்குப் போய்விட்டதே, மேடை குழப்பாதா என்றும் கேள்வி வந்தது. சென்னையில் தெருவோர நடைபாதைக்கும் ரயில் நிலையத்துக்கும் ஒரே பிளாட்பாரம்தான், யாரும் குழம்பியதில்லை.

இழையிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தது, பார்வையற்ற உறுப்பினர் எழுதிய இந்த இரண்டு வரி:

> எனக்கு மேடை தெரியாது. இதுவரை காலுக்குக் கிடைத்துவந்த விளிம்பு காணாமல் போவதுதான் தெரியும். நடைபாதை எங்கே முடிந்தது, சாலை எங்கே தொடங்கியது என்று எனக்கு யார் சொல்வார்கள்?

இதற்குப் பதில் வரையறையிலேயே இருக்க வேண்டும். மட்டம் ஒன்றாகும்போது விளிம்பு தந்த எச்சரிக்கையைத் தரையே தர வேண்டும். ஜப்பானில் செய்ச்சி மியாகே 1965இல் இதற்கென்றே ஓடு உருவாக்கினார். 1967இல் ஒகயாமாவில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே அது முதலில் பதிக்கப்பட்டது. புடைத்த புள்ளிகள் என்றால் நில், கவனி. புடைத்த கோடுகள் என்றால் இந்தத் திசையில் போ. மேடைக்கடவையின் இரு முனையிலும் புள்ளி ஓடு இல்லையென்றால் அந்தக் கடவை அரைகுறை வேலை. மஞ்சள் ஓடுகளை அழகுக்காகப் பதித்து நேரே மின்பெட்டியில் கொண்டுபோய் விடுவதைப் பல ஊர்களில் பார்க்கிறோம். அதனால் இந்த ஓடுகள் எல்லாவற்றுக்கும் "தொடுதரை" என்று பொதுவாக ஒரு சொல்லோடு நிறுத்தாமல், புள்ளி ஓடு, கோட்டு ஓடு என்று இரண்டையும் தனித்தனியே பதிவு செய்ய வேண்டும் என்கிறேன். எதை எங்கே பதிப்பது என்பது பெயரிலேயே தெரிந்துவிடும்.

மழைநீரைப் பற்றியும் ஒரு வரி வேண்டும். சாலையின் ஓரத்தில் ஓடிவரும் நீரை இந்த மேடை குறுக்கே மறித்துவிடும். நீர் வரும் பக்கம் வடிகால் வாய் வைக்காமல் கட்டினால் ஐப்பசி மழையில் கடவைக்கு முன்னால் குளம் நிற்கும். அப்புறம் பழியெல்லாம் கடவை மேல் விழும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போடுகிற பழக்கத்துக்கும் இது சீக்கிரம் பலியாகும். சாலை உயர உயர மேடை அமுங்கிப்போகும்.

இத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று, கிளைத்தெரு வாயில்களில் நடைபாதையை அறுக்காமல் அதே மட்டத்தில் கொண்டுபோவது. தியாகராய நகர்ப் பக்கம் நடந்து பாருங்கள், தெருவுக்குத் தெரு இறங்கி ஏற வேண்டியிருக்கும். மூட்டு வலிக்காரர்கள் அதற்குப் பயந்தே சாலையில் இறங்கி நடக்கிறார்கள். அறுபடாமல் போவதைத் "தொடர்நடைபாதை" என்று தனியாக வைப்போம். அங்கே கடப்பது வண்டி, கடவை என்ற சொல் அங்கே பொருந்தாது.

மற்றவை சுருக்கமாக. சாலை நடுவில் நின்று மூச்சு வாங்கும் இடத்துக்கு வந்த "அகதித் தீவு" வேண்டவே வேண்டாம். "ஒதுங்குதிட்டு" என்று அக்கா ஒருவர் தந்தது அருமை, ஆற்றுத் திட்டையும் நினைவூட்டுகிறது. ரேம்ப்புக்கு ஏற்கெனவே சாய்தளம் இருக்கிறது, தொட வேண்டாம். பல்ப் அவுட்டுக்கு "குமிழ்" எனக்குச் சரியாகப் படவில்லை. தெருமுனையில் நடைபாதையை அகட்டிக் கடக்கும் தூரத்தைக் குறைப்பது அதன் வேலை, "முனையகட்டு" எப்படி?

விக்சனரி இணைய அகராதிக்கு நான் எழுதிவைத்திருக்கும் வரையறை இது:

மேடைக்கடவை: நடப்பவர் மட்டம் மாறாமல் சாலையைக் கடப்பதற்காக, நடைபாதையின் உயரத்துக்கு எழுப்பி, மேற்பரப்பைத் தட்டையாகவும் வண்டி வரும் பக்கங்களைச் சரிவாகவும் கட்டி, இரு முனையிலும் புள்ளி ஓடு பதித்த கடவை.

மாற்றம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். முனையகட்டுக்கு இன்னும் நல்ல சொல் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.

அன்புடன்.