6.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் தயங்கி நிற்கும் எஞ்சின்: மின்சாரத்தை எப்படிக் கொடுப்பது?

பொறையார்_பாதை (கேள்வி)

வணக்கம். மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், பொறையார் வழியாகத் தரங்கம்பாடிக்கு ஓடிக்கொண்டிருந்த மீட்டர் கேஜ் பாதையின் கடைசி நிலையத்தை நான்கடிப் பலகை ஒன்றின்மேல் சிறு மாதிரியாக அமைத்து வருகிறேன். இடம் குறைவு என்பதால் 1:160 அளவை எடுத்துக்கொண்டேன். மீட்டர் கேஜில் இரு தண்டவாளங்களுக்கும் இடையேயுள்ள 1000 மில்லிமீட்டரை 160ஆல் வகுத்தால் 6.25 வருகிறது, ஆகவே, இசட் ஸ்கேல் என்ற இன்னும் சிறிய மாதிரி ரயில் அளவுக்கென்று விற்கும் 6.5 மி.மீ. தண்டவாளமே பொருந்திவிட்டது. எஞ்சினும் இசட் ஸ்கேல் அடிச்சட்டத்தின்மேல் பிளாஸ்டிக் தகட்டால் நானே கட்டியதுதான். தண்டவாளத்தைத் துடைத்த அன்று நன்றாக ஓடும் இந்த எஞ்சின், மூன்றாம் நாள் நின்று நின்று போகிறது. விரலால் தொட்டால் மீண்டும் நகர்கிறது. மோட்டாரை மாற்ற வேண்டுமா, மின்சாரம் கொடுக்கும் முறையை மாற்ற வேண்டுமா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நாகை_வாசி

விரலால் தொட்டதும் நகர்கிறது என்றால் மோட்டாரில் குறையில்லை. எஞ்சினின் எடை மிகக் குறைவாக இருப்பதால், சக்கரம் தண்டவாளத்தை அழுத்தும் விசை மெல்லிய அழுக்குப் படலத்தைக்கூடத் துளைக்கப் போதவில்லை. நம் கடற்கரைக் காற்றின் ஈரமும் உப்பும் அந்தப் படலத்தை விரைவில் உண்டாக்கிவிடுகின்றன. தண்டவாளம் எஃகா, ஜெர்மன் சில்வரா என்று முதலில் பாருங்கள். பின்னது, பெயரில் வெள்ளி இருந்தாலும், செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம். எஃகைப் போலத் துருப்பிடிக்காது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் மட்டும் வேண்டாம், அது போடும் கீறல்களிலேயே அடுத்த அழுக்கு தங்கும்.

திருச்சி_பணிமனை

நண்பர் நாகை_வாசி சொன்னது சரி. ஆனால் துடைப்பதோடு வேலை முடிந்துவிடாது. தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் தகடுகளை மட்டும் நம்பி மின்சாரம் அனுப்பினால், ஒவ்வோர் இணைப்பிலும் சிறிது வோல்ட் இழக்கப்படும்; எனவே ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனிக் கம்பி பற்றவைத்துவிடுங்கள். எஞ்சினுக்குள் இடம் கிடைக்கும் இடமெல்லாம் ஈயத் துண்டுகளை நிரப்புங்கள். சாதாரண நேர்மின்னோட்ட (டிசி) முறையில் மோட்டாருக்குக் குறுக்கே பெரிய மின்தேக்கியை வைத்துத் தயக்கத்தைப் போக்க நினைக்க வேண்டாம், ஏனெனில் திசையை மாற்றும்போது தண்டவாளத்தின் நேர் எதிர் முனைகளும் மாறிவிடுவதால் முனை பார்த்து இணைக்க வேண்டிய மின்தேக்கி கெட்டுவிடும்.

கொள்ளிடக்கரை

நான் வேறு வழி சொல்கிறேன்: மின்சாரத்தை வண்டியிலேயே ஏற்றிவிடுங்கள். இசட் மோட்டார்கள் பெரும்பாலும் 8 முதல் 10 வோல்ட்டுக்கானவை. ஒற்றை லித்தியம் பாலிமர் செல்லின் 3.7 வோல்ட்டில் அவை மெதுவாக ஓடும். கிளைப் பாதை வண்டிக்கு அந்த வேகமே அழகு. எஞ்சினுக்குள் செல்லுக்கு இடமிருக்காது. ஆகவே அடுத்த பெட்டியில் வையுங்கள். ஏறக்குறைய 19.5 மீட்டர் நீளமுள்ள மீட்டர் கேஜ் பெட்டி 1:160இல் 122 மி.மீ. வரும், ஆனால் வெளி அகலமே 17 மி.மீ. அளவில்தான் இருக்கும் என்பதால், எந்த மின்சுற்றுப் பலகையையும் வாங்கும் முன் அதன் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். 12 மி.மீ. அகலமுள்ள 110 மில்லியாம்பியர் மணி செல் ஒன்று தாராளமாக உள்ளே போகும். மோட்டார் 80 மில்லியாம்பியர் இழுத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். முன்னும் பின்னும் ஓட்ட டிஆர்வி 8833 மோட்டார் இயக்கி போதும், அது 2.7 வோல்ட்டிலிருந்தே வேலை செய்யும். கட்டளைக்கு ஒரு சிறு ப்ளூடூத் பலகை. சக்கரங்களிலிருந்து மோட்டாருக்கு வரும் பழைய கம்பிகளை மறக்காமல் துண்டித்துவிடுங்கள்.

செல்லை 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடாத பாதுகாப்புச் சுற்று அவசியம். இன்னொன்றில் மிகுந்த கவனம் வேண்டும்: கடைகளில் கிடைக்கும் டிபி 4056 சார்ஜர் பலகைகள் 1 ஆம்பியரில் மின்னேற்றும்படி வருகின்றன; இவ்வளவு சிறிய செல்லுக்கு அது பேராபத்து. பலகையிலுள்ள 1.2 கிலோ ஓம் மின்தடையை எடுத்துவிட்டு 12 கிலோ ஓம் வைத்தால் 100 மில்லியாம்பியராகக் குறையும்.

பொறையார்_பாதை

மூவருக்கும் நன்றி. தண்டவாளம் எஃகுதான் என்பதைக் காந்தம் வைத்துப் பார்த்தேன்; உப்புக் காற்றோடு தினமும் போராடுவதைவிடப் பெட்டியில் செல் வைப்பதே என் நிலையத்துக்குப் பொருந்தும். கொள்ளிடக்கரை ஐயா, மின்தடையை மாற்றியதும் மின்னேற்றும் அளவை மல்டிமீட்டரில் சரிபார்த்த பிறகே செல்லை இணைக்கிறேன்.