லாப் சாவ் சுழற்சி: கை மாறினால் எதிரடி தாமதமாவது ஏன்?

கேள்வி (புதிய மாணவன்)

வணக்கம். நானும் என் பயிற்சித் துணைவரும் விங் சுன் என்னும் சீனத் தற்காப்புக் கலையின் லாப் சாவ் (கையைப் பற்றி இழுத்தல்) சுழற்சியைப் பழகி வருகிறோம். ஒருவர் விடும் நேர்க்குத்தை மற்றவர் போங் சாவால் (முழங்கையை உயர்த்தி முன்கையைச் சாய்த்துப் போடும் தடுப்பு) ஏற்று, மறுகையால் அந்தக் கையைப் பற்றி இழுத்தபடி, போங் சாவ் போட்ட கையாலேயே திருப்பிக் குத்துவார். இழுக்கப்பட்ட கை உடனே போங் சாவாக மாறி அதை ஏற்கும். இந்தச் சுற்றுக்குள் இருக்கும்வரை சிக்கல் எதுவுமில்லை. ஆனால் துணைவர் எதிர்பாராமல் கையை மாற்றிக் குத்தும்போது, தடுப்பு சரியாக அமைந்தாலும் என் எதிரடி தயங்கித்தான் புறப்படுகிறது. அதற்குள் அவருடைய அடுத்த குத்து வந்துவிடுகிறது. வேகத்தைக் கூட்டிப் பழகினால் இது தீருமா?

மறுமொழி (மையக்கோடு)

வேகத்தைக் கூட்டுவதற்கு முன் தூரத்தைச் சரிபாருங்கள். உங்களில் ஒருவர் முன்னறிவிப்புடன் தடுப்பே போடாமல் நிற்க, மற்றவர் மெதுவாகக் குத்தட்டும். முட்டி மார்பெலும்பைத் தொடாமல் காற்றிலேயே நின்றுவிட்டால், நீங்கள் இதுவரை தடுத்தவை வந்து சேராத குத்துகள். வராத குத்தைத் தடுக்கப் பழகிய கை அதைத் தேடிக்கொண்டு முன்னும் பக்கவாட்டிலும் ஓடும். தோள்பட்டையின் எல்லையைத் தாண்டி வெளியே போன கை, உடலின் நடுவே செங்குத்தாகச் செல்லும் மையக்கோட்டுக்குத் திரும்பி வந்த பிறகுதான் அடிக்க முடியும் என்பதால், நீங்கள் குறிப்பிடும் தயக்கத்தில் பெரும்பகுதி அந்தத் திரும்பும் பயணமாகவே இருக்கக்கூடும். முழங்கை விலாவை விட்டு விலகுகிறதா என்பதையும் துணைவரைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

மறுமொழி (பழைய மாணவி)

மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் அது பாதிக் காரணம்தான். கண்ணால் கண்ட ஒரே ஒரு குறிப்புக்குக் கை அசையவே ஏறத்தாழ 0.2 நொடி பிடிக்கும். வரக்கூடிய குறிப்புகளின் எண்ணிக்கை கூடக்கூட அந்த நேரம் நீள்கிறது என்பதை பிரிட்டிஷ் உளவியலாளர் வில்லியம் ஹிக் 1952-இல் சோதனைகள் வழியாகக் காட்டினார். சுழற்சியில் வருவது ஒரே குத்து; கை மாறலாம் என்ற நிலை வந்ததும் தேர்வு இரண்டாகிவிடுகிறது. இதனுடன் நீங்கள் 'தடு, பிறகு அடி' என்று இரண்டு முடிவுகளை எடுப்பதாகத் தோன்றுகிறது. ஆகவே சில வாரங்களுக்கு லாப் சாவை ஒதுக்கிவிட்டு, பாக் சாவும் (உள்ளங்கையால் தட்டும் தடுப்பு) குத்தும் ஒரே கணத்தில் கிளம்பும் பாக் தாவை மட்டும் பழகுங்கள்; தட்டும் உள்ளங்கை துணைவரின் முன்கையைத் தொடும்போதே உங்கள் முட்டி பாதி வழியில் இருக்க வேண்டும். அது படிந்தபின், துணைவர் இடமோ வலமோ தம் விருப்பப்படி குத்தட்டும், ஆனால் பாதி வேகத்தில். வேகம் கூடினால் தேர்வு மறைந்து, இருவரும் தாளத்தைத்தான் பின்பற்றுவீர்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. தடுப்பில்லாமல் குத்திப் பார்த்தோம். துணைவரின் குத்து மார்புக்குச் சற்று முன்பே நின்றுவிட்டது. தூரத்தைக் குறைத்தால் காயம் படுமோ என்ற அச்சம் இருக்கிறது. கையுறை அணியலாமா?

மறுமொழி (பழைய மாணவி)

தடித்த கையுறை வேண்டாம். பற்றி இழுப்பதற்கு அது இடைஞ்சல். மணிக்கட்டில் உணர வேண்டிய அழுத்தத்தையும் மறைத்துவிடும். முகத்தை விட்டு மார்பையே இலக்காக வைத்து, குத்தின் ஆழத்தை அல்லாமல் விசையைக் குறைக்கச் சொல்லுங்கள். பல்காப்பு அணிவது நல்லது.

மறுமொழி (ஹுங் கார் என்னும் சீனத் தற்காப்புக் கலை மாணவன்)

ஒரு மாற்றுக் கருத்து. நேர்க்குத்துக்கு ஒரே கணத்தில் தடுத்து அடிப்பது சிறப்பாகப் பொருந்தும். உடல் எடை முழுவதையும் சேர்த்து அகலமாக வீசப்படும் அடிக்கு அதையே செய்தால், பாதி பலத்தில் தடுத்துப் பாதி பலத்தில் அடித்தவராவீர்கள். அத்தகைய அடிக்கு முதலில் காலை நகர்த்திக் கோணம் மாறி, பாலக்கையால் (எதிராளியின் கையைச் சந்திக்கும் முன்கை) அதை உறுதியாக நிறுத்திய பிறகு தாக்குவதில் தவறில்லை. ஆகவே கை மாறும் பயிற்சி ஓரளவு கைவந்ததும், துணைவர் இடையிடையே வீச்சடியையும் கலக்கட்டும். அங்கே எதிரடி ஒரு கணம் பிந்தினால் அதைக் குறையாக எண்ணித் திருத்தப் போகாதீர்கள்.