படங்கள் நிறைந்த பவர்பாயிண்ட் கோப்பைச் சுருக்குவது எப்படி?

சோலைக்குருவி (கோத்தகிரி):
வணக்கம். நீலகிரியின் சோலைக்காடுகளைப் பற்றி மாணவர்களுக்காக 40 படங்களுடன் ஒரு பவர்பாயிண்ட் தயாரித்திருக்கிறேன். கோப்பு 170 எம்பியைத் தொட்டுவிட்டது. படங்களை மூலையைப் பிடித்து இழுத்துச் சிறிதாக்கினேன், ஓரத்தில் விழுந்திருந்த தேயிலைத் தோட்டங்களை வெட்டியும் பார்த்தேன். ஓர் எம்பி கூடக் குறையவில்லை. மழைக்காலத்தில் இங்கு இணையம் கிடைக்கும் அழகுக்கு, இதை மஞ்சூரில் உள்ள நண்பருக்கு எப்படி அனுப்புவது? திரையில் படம் மங்கவும் கூடாது.

குன்னூர்வாசி:
இழுத்துச் சிறிதாக்கினால் கண்ணுக்குத் தெரியும் அளவுதான் மாறும். 4000க்கு 3000 பிக்சல் கொண்ட மூலப்படமும் நீங்கள் வெட்டிய பகுதியும் கோப்புக்குள் அப்படியே கிடக்கும். ஏதேனும் ஒரு படத்தைச் சொடுக்கி, ‘பிக்சர் ஃபார்மட்’ பட்டியில் ‘கம்ப்ரஸ் பிக்சர்ஸ்’ என்பதைத் திறவுங்கள். அங்கே ‘அப்ளை ஒன்லி டு திஸ் பிக்சர்’ என்பதில் உள்ள குறியை எடுத்துவிட வேண்டும். இதைக் கவனிக்காமல் ஒரே ஒரு படத்தைச் சுருக்கிவிட்டு, பயனில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் பலர். வெட்டிய பகுதிகளை அழிக்கும் குறியை இட்டு, 150 பிபிஐயைத் (ஓர் அங்குலத்துக்கு 150 பிக்சல்) தேர்ந்தெடுங்கள். 13.33 அங்குல அகலமுள்ள சிலைடை நிறைக்கும் படம் அப்போது 2000 பிக்சல் அகலத்துக்கு வரும். 1920 பிக்சல் அகலத்தில் காட்டும் புரொஜெக்டருக்கு அது தாராளம். 96 பிபிஐயில் 1280 பிக்சல்தான் மிஞ்சும் என்பதால், இலை நரம்பைக் காட்ட வேண்டிய படங்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பழனிமலையான் (கொடைக்கானல்):
அதற்கு முன் வேறு பெயரில் ஒரு நகலைச் சேமித்துவிடுங்கள், ஏனெனில் சுருக்கிச் சேமித்து மூடிய கோப்பில் பழைய தெளிவு திரும்பாது. 2018-இல் பூத்த குறிஞ்சியின் படங்கள் அதில் இருந்தால், மறுபடி எடுக்க 2030 வரை காத்திருக்க நேரும்! சுருக்கிய பிறகும் கோப்பு கனத்தால், அதன் நகலொன்றின் பெயரில் ‘பிபிடிஎக்ஸ்’ என்ற பின்னொட்டை ‘ஜிப்’ என்று மாற்றித் திறந்து, உள்ளே ‘பிபிடி’ ஃபோல்டரில் இருக்கும் ‘மீடியா’ ஃபோல்டரைப் பாருங்கள். இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் படம் எதுவென்று தெரிந்துவிடும். அது பிஎன்ஜி வடிவில் உள்ள புகைப்படமாக இருந்தால் ஜேபெக்காக மாற்றிச் செருகுங்கள். வரைபடங்களை மட்டும் பிஎன்ஜியிலேயே விடுவது நல்லது. ஜேபெக்கில் எழுத்துகளின் ஓரம் கலங்கிவிடும்.

சோலைக்குருவி:
இருவருக்கும் நன்றி. சுருக்கியதும் 31 எம்பிக்கு இறங்கியது. மீடியா ஃபோல்டரைத் திறந்து பார்த்தால், எல்லாச் சிலைடுகளுக்கும் பின்னணியாக நான் வைத்திருந்த தொட்டபெட்டா படம் ஒன்றே 14 எம்பி, அதுவும் பிஎன்ஜி. அதை ஜேபெக்காக்கியதும் கோப்பு 18 எம்பியில் நின்றது. ஜிமெயிலின் 25 எம்பி வரம்புக்குள் அடங்கியதால் நேற்றிரவே அனுப்பிவிட்டேன்.