மாரடைப்பே வராத அம்மாவுக்கு எதற்கு ஆஸ்பிரின்?

ஈசூன் செல்வி: அம்மாவுக்கு 74 வயது. மாரடைப்பு, பக்கவாதம் எதுவும் வந்ததில்லை. ரத்தம் கட்டாமல் இருக்கட்டும் என்று எப்போதோ எழுதிக் கொடுத்த 100 மில்லிகிராம் ஆஸ்பிரினைப் பத்து வருடமாகப் போட்டு வந்தார். போன மாதம் மலம் தார் போலக் கறுத்தது. முருங்கைக்கீரை சாப்பிட்டதால்தான் என்று நினைத்து மூன்று நாள் எங்களிடம் சொல்லவில்லை. நான்காம் நாள் மின்தூக்கி வாசலில் மயங்கி விழுந்தார். வயிற்றுப் புண்ணில் ரத்தக்கசிவு. இரண்டு பை ரத்தம் ஏற்றினார்கள். 2018இல் வந்த ஆஸ்ப்ரீ ஆய்வில் ஆஸ்திரேலியா, அமெரிக்காவைச் சேர்ந்த, இதயநோய் இல்லாத 19,114 முதியவர்கள் இருந்தார்கள். ஆஸ்பிரின் போட்டவர்களுக்கு ஆயுள் கூடவில்லை. கடுமையான ரத்தக்கசிவுதான் 2.8 விழுக்காட்டிலிருந்து 3.8 ஆனது. அப்புறம் ஏன் இன்னும் போட வேண்டும்?

ஜூரோங் ரவி: அக்கா, அம்மா தேறிவிட்டாரா? உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அந்த ஆய்வு முதியவர்களைப் பற்றியது. என் அப்பாவுக்கு 58, பதினைந்து வருடச் சர்க்கரை, அவரும் ஆஸ்பிரின் போடுகிறார். அதே 2018இல் வந்த அசெண்ட் ஆய்வைப் பாருங்கள். 15,480 நீரிழிவு நோயாளிகளை ஏழு வருடத்துக்கும் மேல் கவனித்தார்கள். ஆஸ்பிரின் போட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 9.6 விழுக்காட்டிலிருந்து 8.5 ஆகக் குறைந்தன. இன்னொன்று, அம்மா மூட்டுவலிக்கு ஏதாவது மாத்திரை போடுவாரா?

ஈசூன் செல்வி: தேறிவிட்டார், தம்பி. ஆமாம், முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கிய ஐபுபுரூஃபன். இரண்டும் சேர்ந்தால் வயிற்றை அரிக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன அசெண்டிலேயே ரத்தக்கசிவு 3.2இலிருந்து 4.1 ஆயிற்றே! ஆயிரம் பேரில் 11 பேர் தப்பினார்கள், 9 பேருக்கு ரத்தம் கசிந்தது. இதுவா லாபம்?

ஜூரோங் ரவி: 11ஐயும் 9ஐயும் வெறும் எண்ணாகக் கழிக்கக் கூடாது, அக்கா. வயிற்றுக் கசிவை பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம். என் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஆறு வருடம் ஆகிறது. இன்றைக்கும் சட்டைப் பொத்தானைப் பெரியம்மாதான் போட்டுவிடுகிறார்.

முன்னாள் தாதி, தேக்கா: நான் தாதியாக இருந்த காலத்தில் ஆஸ்பிரின் சர்வசாதாரணம். காரணமும் இருந்தது. 22,071 அமெரிக்க ஆண் மருத்துவர்களிடம் நடத்தி 1989இல் முடிவு வெளியிட்ட ஆய்வில், ஆஸ்பிரின் போட்டவர்களுக்கு மாரடைப்பு 44 விழுக்காடு குறைந்தது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை பரவலாக வருவதற்கு முந்தைய காலம் அது. இப்போது கொழுப்பும் ரத்த அழுத்தமும் மாத்திரையில் அடங்குவதால் ஆஸ்பிரினுக்கு மிச்சமிருக்கும் வேலை குறைவு. 2022இல் அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு, 60 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்க வேண்டாம், 40 முதல் 59 வரை ஆளைப் பார்த்து முடிவெடுங்கள் என்றது. செல்வி பக்கம்தான் நான். ஆனால் இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைத்தவர்களும் ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களும் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள். அவர்கள் கணக்கே வேறு.

ஜூரோங் ரவி: அப்பாவுக்கு நிறுத்தச் சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை. வியாழக்கிழமை பாலிகிளினிக் முறை இருக்கிறது, நானும் கூடப் போய்க் கேட்கிறேன்.

ஈசூன் செல்வி: போங்கள் தம்பி. அப்பா கடையில் வாங்கும் வலி மாத்திரை ஏதாவது இருந்தால் அதையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.