“அப்போ எனக்குக் கொடுத்தது செல்லாதா?”

பாளையங்கோட்டைக்காரன்:
ரொம்ப நாளாக மனசை அரிக்கிறது, அதனால் எழுதுகிறேன். அம்மாவுக்கு 71 வயது. சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபையில் கைக்குழந்தையாக இருக்கும்போதே ஞானஸ்நானம், 14 வயதில் விசுவாசத்தை உறுதிசெய்யும் திடப்படுத்தல், அப்புறம் ஒரு திருவிருந்து தவறவிட்டதில்லை. முட்டுவலிக்காகப் பக்கத்துத் தெருவில் வேறொரு சபையின் உபவாச ஜெபத்துக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே மாற்கு 16:16-ஐக் காட்டியிருக்கிறார்கள். ‘விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான்.’ முதலில் விசுவாசம், பிறகுதான் முழுக்கு, அதாவது தண்ணீருக்குள் முங்கி எடுக்கும் ஞானஸ்நானம். தொட்டில் பிள்ளைக்கு ஏது விசுவாசம் என்று கேட்டிருக்கிறார்கள்.

அன்றைக்கு ராத்திரி சோறு போட்டுக்கொண்டே, “அப்போ எனக்குக் கொடுத்தது செல்லாதா ராசா?” என்றாள். பிசைந்த சோறு கையிலேயே நின்றுவிட்டது. சண்டே ஸ்கூலில் ரோமர், எபேசியர் எல்லாம் மனப்பாடம் பண்ணிப் பரிசு வாங்கியவன் நான். ஒரு வசனம் வாயில் வரவில்லை. “நீ சாப்பிடும்மா” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

தூத்துக்குடி சகோதரி:
அண்ணா, இதே கேள்வியை நான் 24 வயசில் கேட்டேன். யாரும் என்னை இழுத்துக்கொண்டு போகவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்போஸ்தலர் 8-இல் அந்த எத்தியோப்பிய மந்திரி ‘இதோ, தண்ணீர் இருக்கிறதே’ என்கிறானே, அதை வாசித்த பிறகு எனக்குத் தூக்கமே இல்லை. முழுக்கு எடுத்ததில் இன்றைக்கும் சந்தோஷம்தான்.

மறக்க முடியாதது வேறு. கம்மல், செயின், வளையல் எல்லாம் கழற்றிவிட்டு வெள்ளைச் சேலையில் வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்த அம்மா என் காதைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். “எவன் செத்தான்னு இப்படி வந்து நிக்கிற?” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. நகை கூடாது என்பதற்கு எங்கள் சபையில் 1 பேதுரு 3:3-ஐத்தான் காட்டுகிறார்கள். அதே வசனத்தில் ‘மயிரைப் பின்னி’ என்றும் இருக்கிறது. நாங்கள் எல்லாரும் பின்னல் போட்டுத்தான் போகிறோம். இதைச் சபையில் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
பாளையங்கோட்டைத் தம்பி, அம்மாவை அப்படி விட்டிருக்கக் கூடாது. அந்த வசனத்தின் பின்பாதியை வாசித்துக் காட்டியிருக்க வேண்டும்: ‘விசுவாசியாதவனோ ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கப்படுவான்.’ ஞானஸ்நானம் பெறாதவன் என்று அங்கே இல்லை. இன்னொன்று, 4-ஆம் நூற்றாண்டின் சீனாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகள் இரண்டிலும் மாற்கு 16 எட்டாம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பகுதியை வைத்து ஒரு கிழவியைப் பயமுறுத்தலாமா?

முழுக்குத்தான் வேண்டும் என்பவர்களுக்கு தீதகே இருக்கிறது. ஆதித் திருச்சபையின் ஒழுங்குகளைச் சொல்லும் ஏடு. ஓடுகிற தண்ணீரில் கொடு, அது இல்லையென்றால் வேறு தண்ணீரில் கொடு, அதுவும் இல்லையென்றால் தலையில் மூன்று தரம் ஊற்று என்கிறது. அப்போஸ்தலர் 16-இல் பிலிப்பி ஊர்ச் சிறைச்சாலைக்காரன் ராத்திரியோடு ராத்திரியாக ‘அவனும் அவனுடையவர்கள் அனைவரும்’ ஞானஸ்நானம் பெற்றான். அந்த வீட்டில் குழந்தையே இருந்திராதா? இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கி, பரதீசு உண்டு என்று அவரிடமே வாக்குப் பெற்ற கள்ளனுக்கு யார் தண்ணீர் ஊற்றினது? 1982-இல் பெரு நாட்டின் லீமாவில் பல சபைகளின் இறையியலாளர்கள் கூடி, மறுஞானஸ்நானம் என்று தோன்றுகிற எதையும் செய்யக் கூடாது என்றே எழுதிவைத்தார்கள். எபேசியர் 4:5, ‘ஒரே ஞானஸ்நானம்.’ இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி அம்மா பைபிளுக்குள் வையுங்கள்.

என் அனுபவம் சின்னதுதான். மகன் சபை மாறினான். அவன் எங்கள் வீட்டுக்கு வந்து எட்டு கிறிஸ்துமஸ் ஆயிற்று.

தூத்துக்குடி சகோதரி:
ஐயா, அப்போஸ்தலர் 16-இல் 33-ஓடு நிறுத்திவிட்டீர்கள். 34-இல் அந்தச் சிறைச்சாலைக்காரன் ‘தன் வீட்டார் அனைவரோடுங்கூட’ விசுவாசமுள்ளவனானான் என்று இருக்கிறது. விசுவாசிக்கத் தெரிந்தவர்கள்தான் அந்த வீட்டில் இருந்திருக்கிறார்கள். அது கிடக்கட்டும். மகனுக்குப் போன் போடுங்க ஐயா. வசனத்தை அப்புறம் பார்த்துக்கலாம்.

மருமகளாய்ப் போனவள்:
நான் சி.எஸ்.ஐ.யில் பிறந்து கத்தோலிக்கக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டேன். திரும்பவும் தண்ணீர் ஊற்றுவார்களோ என்று பயந்துகொண்டுதான் பங்குச் சாமியார் முன்னால் உட்கார்ந்தேன். என் ஞானஸ்நானச் சர்ட்டிபிகேட்டை வாசித்துவிட்டு, “தண்ணி ஊத்தி, பிதா சுதன் பரிசுத்த ஆவி பேரில் கொடுத்திருக்காங்க. இது செல்லும்மா” என்றார். கண் கலங்கிவிட்டது. அவ்வளவு நாள் அந்தப் பயம் எனக்குள் இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் முதல் பூசையில் எல்லாரும் ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’ என்று தொடங்க, நான் மட்டும் சத்தமாக ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்றேன். முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பதினோரு வருஷம் ஆகிவிட்டது. இப்போது கோயிலில் ‘இரட்சிப்பு’ என்பதை அவர்களைப் போல ‘மீட்பு’ என்றுதான் சொல்கிறேன், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் ராத்திரி தன்னால் ‘இரட்சியும் ஆண்டவரே’ என்றுதான் வருகிறது.

பாளையங்கோட்டைக்காரன்:
ஆசிரியர் ஐயா, தாள் எழுதி வைக்க நேரம் இல்லாமல் போயிற்று. போன மாதம் அம்மா தாமிரபரணியில் முழுக்கு எடுத்துவிட்டாள். முட்டு தாங்காது என்பதால் ஒரு பக்கம் பாஸ்டர், மறுபக்கம் நான், இடுப்பளவு தண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்றோம். நான் முங்கவில்லை. ஆனால் என் கைதான் அவளைத் தண்ணீருக்குள் அமிழ்த்தியது. என் சபைக்கு நான் செய்தது துரோகமா என்று இன்னும் தெரியவில்லை. நடுங்கிக்கொண்டே எழுந்தவள் முதலில் என் சட்டையைத்தான் பார்த்தாள். “நனைஞ்சிட்டியே ராசா, துவட்டு” என்றாள்.

பழைய சர்ட்டிபிகேட் இனி வேண்டாம் என்று அங்கே யாரோ சொன்னார்களாம். அம்மா அதைக் கிழிக்கவில்லை. சங்கீதம் 23 பக்கத்தில் மடித்து வைத்திருக்கிறாள்.